பில்டு பாஸ், போட்டோ ஃபெயில்: பால்கோவா படம் ஆண்ட்ராய்டில் மட்டும் ஏன் வரவில்லை?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடை. ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு வெப் டெவலப்பர். கடைக்கு ஆன்லைன் ஆர்டர் வெப்சைட் ரெடியாகிறது. இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஆனாலும் வேலை மொத்தமும் வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது.

கடையும் டெவலப்பரும் ஒரு உதாரணத்துக்குத்தான். ஆனால் அவர்கள் மாட்டிக்கொள்ளப்போகும் கோளாறு நிஜம். ஐபோனும் வெப்சைட்டும் சந்திக்கிற எந்த ஊரிலும் இது நடக்கலாம்.

கடைக்காரர் தன் ஐபோனில் பால்கோவாவை அழகாக போட்டோ எடுத்து அனுப்புகிறார். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, தரம் குறைந்துதான் வந்து சேரும். அதனால் டெவலப்பர், “டாக்குமெண்ட்டா அனுப்புங்க அண்ணாச்சி” என்கிறார். வந்து சேரும் ஃபைல்கள் ஜேபிஜி இல்லை. பெயரின் கடைசியில் எச்இஐசி என்று இருக்கிறது. அவர் கவனிக்கவில்லை. புராஜெக்ட்டில் போட்டு ஓட்டினால் எரர். எரரில் சொன்னபடி கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி சேர்க்கிறார். எரர் போய்விட்டது. சைட் லைவ்.

மறுநாள் போன்.

“தம்பி, என் போன்ல எல்லாப் படமும் ஜம்முனு தெரியுது. ஆனா சென்னையில இருந்து மாப்பிள்ளை பேசுறாரு, ஒரு படம்கூட வரலைங்கிறாரு.”

“அவர் என்ன போன் வெச்சிருக்காரு அண்ணாச்சி?”

“ஆண்ட்ராய்டுதான்.”

இந்தியாவில் பெரும்பாலானோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன்தான். அப்படியென்றால் படமே தெரியாத கடைக்குத்தான் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் வந்துபோகிறார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவாக இருக்கலாம். திரையில் வெற்றுக் கட்டம் தெரிந்தால் யார் ஆர்டர் போடுவார்கள்?

அந்த ஒரு வரி என்ன செய்தது?

முதலில் பில்டு டூல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். டெவலப்பர் எழுதும்போது நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் இருக்கும். அவற்றையெல்லாம் சேர்த்து, சுருக்கி, பிரவுசர் சாப்பிடும் பதத்துக்குக் கொண்டுவருவதுதான் பில்டு டூலின் வேலை. வெப்பேக், வீட், பார்சல், இஎஸ்பில்டு எல்லாம் இந்த வகை. வீட் என்பது பிரெஞ்சுச் சொல், ‘வேகம்’ என்று பொருள். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து ‘வைட்’ என்று படிப்பவர்களும் உண்டு.

இந்த டூல்களுக்கு ‘படம்’ என்றால் என்னவென்று தெரியாது. உள்ளே இருப்பது பால்கோவாவா, ராஜபாளையம் நாயா என்று எட்டிப் பார்ப்பதில்லை. ஃபைல் பெயரின் வாலில் இருக்கும் எக்ஸ்டென்ஷனைப் பார்க்கும். அது தன்னிடம் உள்ள லிஸ்ட்டில் இருந்தால் ‘இது படம், அப்படியே எடுத்து வை’ என்று முடிவு செய்யும். இல்லையென்றால் ‘இது ஜாவாஸ்கிரிப்ட்டாகத்தான் இருக்கும்’ என்று நினைத்துப் படிக்கப் பார்க்கும். போட்டோவை புரோகிராம் என்று நினைத்துப் படித்தால் முதல் எழுத்திலேயே தொண்டையில் சிக்கிக்கொள்ளும். திரையில் வரும் சிவப்பு எரர் அதுதான்.

வெப்பேக் விஷயத்தில் இது இன்னும் கறார். புதிதாக இன்ஸ்டால் செய்த வெப்பேக்குக்கு ஜாவாஸ்கிரிப்ட்டும் ஜேசானும் மட்டும்தான் தெரியும். பிஎன்ஜி கூட அதற்கு அந்நியம். ஒவ்வொரு படவகையையும் நாம்தான் ஒரு விதியாக எழுதிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ‘இந்த வகை ஃபைலுக்குப் பொருத்தமான லோடர் தேவைப்படலாம்’ என்ற பொருளில் ஒரு எரர் வரும். ரியாக்ட் கற்றுக்கொண்ட முதல் மாதத்தில் இந்த எரரைப் பார்க்காதவர்கள் குறைவு. 2020 அக்டோபரில் வந்த வெப்பேக் 5-க்கு முன்னால் இதற்கென்று ஃபைல்-லோடர், யூஆர்எல்-லோடர் என்று தனித்தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டியிருந்தது. இப்போது அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் லிஸ்ட் எழுதும் பொறுப்பு மட்டும் இன்னும் நம்முடையது.

வீட் கொஞ்சம் தாராளம். பிஎன்ஜி, ஜேபிஜி, ஜிஃப், எஸ்விஜி, வெப்பி, ஏவிஐஎஃப், ஐகோ எல்லாம் அதன் லிஸ்ட்டில் ஏற்கெனவே உண்டு. அதில் இல்லாத வகையைச் சேர்க்க ‘அசெட்ஸ்இன்க்ளூட்’ என்று ஒரு செட்டிங் இருக்கிறது.

பிரச்சினை ஆரம்பிப்பதும் இங்கேதான். லிஸ்ட்டில் இல்லாத ஃபைலைக் கொடுத்தால், ‘இதற்கு ஒரு பிளகின் போடுங்கள், அல்லது இது வெறும் அசெட் என்றால் அசெட்ஸ்இன்க்ளூட்டில் சேருங்கள்’ என்று வீட்டே எரரில் யோசனை சொல்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு டெட்லைனோடு உட்கார்ந்திருப்பவர் இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பார்? ஒரே வரியில் முடிவதைத்தான். நம் ராஜபாளையம் டெவலப்பர் செய்ததும் அதைத்தான்.

அந்த வரிக்கு அர்த்தம் ‘எச்இஐசியைப் படமாக மாற்று’ என்பது அல்ல. ‘இதைத் திறந்து பார்க்காதே, அப்படியே பிரவுசருக்கு அனுப்பு’ என்பதுதான். டூல் சொன்னதைச் செய்தது. பார்சல் பிரிக்கப்படாமல் அப்படியே சென்னை வரை போனது. அங்கே பிரித்துப் பார்க்க வேண்டிய குரோமுக்கு அந்தப் பார்சலைப் பிரிக்கத் தெரியாது.

கடைக்காரர் போனில் மட்டும் எப்படி வந்தது?

ஐபோன் 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் போட்டோக்களை எச்இஐசி ஆகச் சேமிக்கிறது. ஜேபிஜியைவிடக் குறைந்த இடத்தில் அதே தரம் கிடைக்கும் என்பதுதான் காரணம். ஆனால் இதற்கு அடியில் இருப்பது எச்இவிசி என்ற வீடியோ தொழில்நுட்பம். அதன்மேல் ஏகப்பட்ட காப்புரிமைகள் இருக்கின்றன. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எச்இஐசி படத்தை வெப் பக்கத்தில் காட்டுவதில்லை.

ஆப்பிளின் சஃபாரி மட்டும் 2023-ல் வந்த 17-ம் பதிப்பிலிருந்து காட்டுகிறது. ஐபோனில் குரோம் வைத்திருந்தாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் இன்ஜின்தான், அதனால் அதிலும் தெரியும். படம் எடுத்தவர், சைட்டைச் சரிபார்த்தவர், ஓகே சொன்னவர் மூன்று பேரும் ஒரே ஐபோன்காரர். கோளாறு கண்ணில் படவே வழியில்லை. இத்தனைக்கும் 2023-க்கு முன்னால் இருந்திருந்தால் அவருக்கும் படம் தெரிந்திருக்காது, அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும்!

சிலர் குறுக்குவழியாக, ஃபைல் பெயரில் எச்இஐசியை அழித்துவிட்டு ஜேபிஜி என்று டைப் செய்துவிடுவார்கள். பில்டு டூல் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும், அது பார்ப்பது பெயரை மட்டும்தானே. பிரவுசரிடம் பலிக்காது. டப்பாவில் லேபிளை மாற்றி ஒட்டினால் உள்ளே இருக்கும் பண்டம் மாறிவிடுமா என்ன?

டாக்குமெண்ட்டில் இருந்து காப்பி அடித்தால்...

வெப்பேக்கின் அதிகாரப்பூர்வ வழிகாட்டியில் படங்களுக்கான உதாரண விதி ஒன்று இருக்கிறது. பிஎன்ஜி, எஸ்விஜி, ஜேபிஜி, ஜேபெக், ஜிஃப் என்று ஐந்து எக்ஸ்டென்ஷன்கள். டுடோரியல்கள் அதையே எடுத்துப் போடுகின்றன, டுடோரியலைப் பார்த்துப் புராஜெக்ட்கள் எடுத்துப் போடுகின்றன. அந்த ஐந்தில் வெப்பி இல்லை, ஏவிஐஎஃப் இல்லை.

வெப்பி ஒன்றும் நேற்று வந்ததல்ல. கூகுள் அதை 2010-ல் வெளியிட்டது. ஒப்பிடத்தக்க தரமுள்ள ஜேபிஜியைவிட 25 முதல் 34 சதவீதம் வரை சிறியது என்பது கூகுளின் கணக்கு. சஃபாரி 2020-ல் ஆதரவு தந்த பிறகு தயங்கக் காரணமே இல்லை. ஏவிஐஎஃப் இன்னும் சிறியதாக வரும். அது குரோமுக்கு 2020-ல், ஃபயர்ஃபாக்ஸுக்கு 2021-ல், சஃபாரிக்கு 2022-ல், எட்ஜுக்கு 2024-ல் என்று ஆடி அசைந்து எல்லாப் பிரவுசருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. மெதுவான நெட்வொர்க்கில் பஸ்ஸில் உட்கார்ந்து சைட்டைத் திறப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஆனால் லிஸ்ட்டில் பெயர் இல்லாததால் பில்டு உடைகிறது. ‘வெப்பி வேண்டாம்பா, தொல்லை’ என்று திரும்ப ஜேபிஜிக்கே போய்விடுகிறார்கள். லிஸ்ட்டில் ஒரு சொல் சேர்த்தால் முடிகிற வேலை.

இஎஸ்பில்டில் இதே கதை வேறு வசனத்தில் வரும்: ‘பிஎன்ஜி ஃபைல்களுக்கு லோடர் எதுவும் கான்ஃபிகர் செய்யப்படவில்லை.’ அங்கே ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் தனித்தனியாக ‘ஃபைலாக வை’, ‘எழுத்தாக மாற்றி உள்ளே வை’ என்று சொல்ல வேண்டும். டைப்ஸ்கிரிப்ட் பயன்படுத்துபவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை: புது வகையை பில்டு டூலிடம் சொன்னால் போதாது, டைப்ஸ்கிரிப்ட்டிடமும் தனியாக அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் எடிட்டரில் சிவப்புக் கோடு போகாது.

என் லேப்டாப்பில் வருதே!

அந்த வெப்பேக் விதியின் கடைசியில் ‘ஐ’ என்று ஒற்றை எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். காப்பி செய்யும்போது பலர் விட்டுவிடுவது அதைத்தான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காதே என்பது அதன் பொருள். கேமராக்கள் பல ஜேபிஜி என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் போடும். ‘ஐ’ இல்லாத விதி அந்தப் படத்தை அடையாளம் கண்டுகொள்ளாது.

இதன் ஒன்றுவிட்ட தம்பி இன்னொன்று உண்டு. விண்டோஸிலும் மேக்கிலும் வழக்கமான செட்டிங்கில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். கோடில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தாலும், பெரிய எழுத்தில் இருக்கும் ஃபைலைக் கண்டுபிடித்துவிடும். சர்வரில் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். அதற்கு இரண்டும் வேறு வேறு ஃபைல். லேப்டாப்பில் ஓடிய பில்டு சர்வரில் ‘ஃபைல் இல்லை’ என்று நின்றுவிடும். ஃபைல் அங்கேதான் இருக்கும்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு இது இன்னும் ஒரு படி மேலே. ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒரே குறியீடாக வரலாம், அல்லது முன்னால் இரட்டைச் சுழியும் பின்னால் காலும் எனப் பிரிந்து இரண்டு குறியீடாக வரலாம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். லினக்ஸுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ‘பால்கோவா’ என்று பெயர் வைத்த படம் ஒரு கம்ப்யூட்டரில் கிடைத்து இன்னொன்றில் காணாமல் போக இது ஒன்றே போதும். போதாததற்கு, இணைய முகவரியில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும். எட்டுக் குறியீடு கொண்ட பால்கோவா 72 எழுத்தாகிவிடும். தமிழ்ப் பற்றைப் பக்கத்தின் உள்ளே காட்டிக்கொள்ளலாம், ஃபைல் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருப்பது நல்லது.

கோபுரம் போட்டோவும் கோபுரம் லோகோவும்

ஆண்டாள் கோயிலின் 11 நிலை ராஜகோபுரத்தை போட்டோ எடுத்தால் ஒவ்வொரு நிலையிலும் நுணுக்கமான நிழல், வெளிச்சம், பின்னால் வானம் எல்லாம் இருக்கும். இதற்கு ஜேபிஜி, வெப்பி, ஏவிஐஎஃப் வகைகள்தான் சரி. அதே கோபுரத்தைக் கோட்டோவியமாக வரைந்தால், தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பதுபோல, அதற்கு எஸ்விஜி பொருத்தம். (முத்திரையில் இருப்பது எங்கள் ஊர்க் கோபுரம்தான் என்பார்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள். மதுரைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அது தனிச் சண்டை.) எஸ்விஜி என்பது புள்ளிகளால் ஆன படமே அல்ல. ‘இங்கிருந்து இங்கே கோடு போடு’ என்று எழுதிவைத்த உரை. எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது.

உரை என்பதால்தான் பில்டு டூலுக்கு இங்கே குழப்பம் வரும். எஸ்விஜியைப் படமாக வைக்கச் சொல்கிறீர்களா, ரியாக்ட் கம்போனென்ட்டாக மாற்றிப் பக்கத்துக்குள் எழுதச் சொல்கிறீர்களா? இரண்டையும் செய்ய இரண்டு விதிகள் போட்டுவிட்டு, எது ஜெயித்தது என்று தெரியாமல் முழிப்பது வழக்கமான காட்சி. படமாக வைத்தால் அதற்குள் யாராவது ஒளித்துவைத்த ஸ்கிரிப்ட் ஓடாது. பக்கத்துக்குள் அப்படியே எழுதினால் ஓட வாய்ப்பு உண்டு. இணையத்தில் சும்மா கிடைத்த எஸ்விஜியை உள்ளே எழுதுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, லோகோவில் கடைப் பெயரைத் தமிழில் எழுதியிருந்தால். எஸ்விஜியைப் படமாக வைக்கும்போது அதனால் வெளியிலிருந்து ஃபான்ட்டை எடுத்துவர முடியாது. டிசைனர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எழுத்துரு, வாடிக்கையாளர் போனில் ஏதோ ஒரு சாதாரணத் தமிழ் எழுத்தாகத் தெரியும். எழுத்தைக் கோடாக மாற்றித் தரச் சொல்லி டிசைனரிடம் முன்பே கேட்டுக்கொள்வதுதான் வழி.

4 கேபி, 8 கேபி, என்ன கணக்கு?

லிஸ்ட்டில் சேர்ந்த எல்லாப் படமும் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை. சிறிய படமென்றால் டூல் அதைத் தனி ஃபைலாக வைக்காமல், எழுத்துச் சரமாக மாற்றிக் கோடுக்குள்ளேயே திணித்துவிடும். சர்வரிடம் ஒருமுறை கேட்பது மிச்சம். எல்லைக்கோடு வீட்டில் 4 கேபி. வெப்பேக்கில் ‘அசெட்’ என்ற தானியங்கி வகைக்கு 8 கேபி. இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று ஐகானுக்கு இது நல்ல வசதி. ராஜபாளையம் பக்கம் தளவாய்புரத்தில் நைட்டி தைத்து விற்கும் ஒருவர், 200 டிசைன்களை ஒரே பக்கத்தில் காட்ட வேண்டும் என்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் மூன்றரை கேபியில் சின்னப் படம். அத்தனையும் எல்லைக்குள் வருகிறது, அத்தனையும் கோடுக்குள் போகிறது. எழுத்தாக மாறும்போது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 700 கேபி படங்கள் 930 கேபிக்கு மேல் போய் ஜாவாஸ்கிரிப்ட்டில் உட்கார்ந்துகொள்ளும். முதல் நைட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் இருநூறும் டவுன்லோடு ஆக வேண்டும். இந்த மாதிரி கேட்டலாக்குக்கு எல்லையைப் பூஜ்யமாக்கிவிட்டால் போதும், படங்கள் தனித்தனி ஃபைலாகவே இருக்கும்.

அப்போ அண்ணாச்சிக்கு என்ன பதில்?

முதலில் அந்த ஒரு வரியை எடுத்துவிட வேண்டும். எச்இஐசி லிஸ்ட்டில் இல்லாவிட்டால் பில்டு உடையும். உடையட்டும். டெவலப்பர் லேப்டாப்பில் உடைந்தால் பத்து நிமிட வேலை, வாடிக்கையாளர் போனில் உடைந்தால் ஆர்டர் போச்சு. லிஸ்ட்டைப் பெருக்கிக்கொண்டே போவது நல்ல பழக்கம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

அடுத்தது மாற்றம். நோட்.ஜேஎஸ் உலகில் படங்களை மாற்றவும் சுருக்கவும் பலரும் பயன்படுத்துவது ‘ஷார்ப்’ என்ற லைப்ரரி. அதுவும் இன்ஸ்டால் செய்த நிலையில் ஏவிஐஎஃப் எழுதும், ஐபோனின் எச்இஐசியைப் படிக்காது. இங்கும் காப்புரிமைதான் குறுக்கே நிற்கிறது. அதனால் படம் புராஜெக்ட்டுக்குள் வருவதற்கு முன்பே ஜேபிஜியாகிவிடுவது சுலபம். மேக் வைத்திருந்தால் பிரிவியூவில் திறந்து ஜேபிஜியாக எக்ஸ்போர்ட் செய்யலாம். அங்கிருந்து வெப்பி, ஏவிஐஎஃப் பதிப்புகளை பில்டின்போதே பிளகின் மூலம் உருவாக்கி, எச்டிஎம்எல்லின் ‘பிக்சர்’ டேகில் மூன்றையும் வரிசையாகக் கொடுத்தால் பிரவுசர் தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்ளும்.

சுருக்குவதையும் மறக்கக் கூடாது. 12 மெகாபிக்சல் போட்டோ என்றால் 4032-க்கு 3024 புள்ளிகள். போன் திரையில் உள்ளங்கை அகலத்துக்குக் காட்ட அவ்வளவு தேவையில்லை. லிஸ்ட்டில் சேர்த்துவிட்டதாலேயே டூல் அதைச் சுருக்கித் தந்துவிடாது. பிளகின் போடாதவரை வந்ததை வந்தபடியே வெளியே தள்ளும்.

இத்தனையும் டெவலப்பர் கையால் புராஜெக்ட்டில் வைக்கும் படங்களுக்குத்தான். நாளைக்கே அட்மின் பக்கம் ஒன்று செய்து கொடுத்து, கடைக்காரரே புதுப் படங்களை ஏற்றும் வசதி வந்துவிட்டால், அந்தப் படங்கள் பில்டு டூல் இருக்கும் தெருப் பக்கமே வராது. நேராக சர்வருக்குப் போகும். அங்கே எந்த வகையை ஏற்பது, எதை மாற்றுவது என்று வேறொரு லிஸ்ட்டை சர்வர் கோடில் எழுத வேண்டும். வீட்டின் ‘பப்ளிக்’ ஃபோல்டரில் போடும் படங்களும் அப்படித்தான். லிஸ்ட் பார்க்காமல் அப்படியே காப்பி ஆகும், பெயரும் மாறாது. பழைய படத்தை அதே பெயரில் மாற்றினால், வாடிக்கையாளர் போனில் சேமித்துவைத்த பழைய படமே கொஞ்ச நாள் தெரியக்கூடும்.

இனி எடுக்கும் போட்டோக்களுக்கு கடைக்காரர் பக்கத்தில் ஒரே ஒரு மாற்றம் போதும். ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மேட்ஸ், அதில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’.

“அதைத் தொட்டா பழைய போட்டோ எதுவும் போயிடாதுல்ல தம்பி?”

“போகாது அண்ணாச்சி. பழசு அப்படியே இருக்கும், இனிமே எடுக்கிறது மட்டும்தான் ஜேபிஜியா வரும். அப்புறம், இந்தத் தடவை சைட் ரெடியானதும் லிங்க்கை மாப்பிள்ளைக்கு முதல்ல அனுப்புங்க.”